தொண்ணூறு மைல் டாக்டர்

மகனிடமிருந்து போன் வந்தபோது ரெனேயின் இடது கை தோள்பட்டை வரை நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் மாட்டுக்குள் இருந்தது. வலது கையில் சினை ஊசி. போனை எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? பண்ணைக்காரர்தான் அவள் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் வைத்துவிட்டு, அடுத்த மாட்டைப் பிடிக்கப் போனார்.

"அம்மா, ஊத்திக்கிச்சு," என்றான் கோல்ட்டன்.

"எதுடா?"

"ரயில்வே வேலைதான். எழுத்துப் பரீட்சை பாஸ், இன்டர்வியூ பாஸ், கண்ணு டெஸ்ட்ல தூக்கிட்டாங்க. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியலையாம். சிக்னல் பார்க்க லாயக்கில்லையாம்."

"அடக் கடவுளே! உனக்குமா?"

"கேளு, இன்னும் இருக்கு. பசங்களுக்கு அது அம்மா வழியாத்தான் வருமாம். 'உங்கம்மாவுக்கே நிறம் தெரியாதா?'ன்னு கேட்டார் டாக்டர். ஆமா சார், ஒரு கால்ல சிவப்பு சாக்ஸ், ஒரு கால்ல பச்சை சாக்ஸ் போட்டுக்கிட்டு சர்ச்சுக்குக் கிளம்புற ஆளுன்னேன். 'அப்போ உங்கம்மாவோட அப்பாவுக்கும் கட்டாயம் இருக்கணும்'னார். எனக்குச் சிரிப்பு வந்துருச்சும்மா. எங்க தாத்தா இதே கம்பெனியில முப்பத்தெட்டு வருஷம் எஞ்சின் ஓட்டினவரு, வருஷா வருஷம் உங்க கண்ணு டெஸ்ட்ல பாஸானவருன்னு சொன்னேன். அந்த ஆளு அதுக்கப்புறம் வாயே தொறக்கல. திருதிருன்னு முழிச்சுக்கிட்டு பேப்பரையே பார்த்துக்கிட்டிருந்தார்."

கோல்ட்டன் சிரித்தான். டாக்டரை மடக்கிவிட்ட சந்தோஷம் அவனுக்கு. அவன் படித்தது வெல்டிங். அவனுக்குப் புரிய நியாயமில்லை. ரெனேவுக்குப் புரிந்துவிட்டது. எந்தக் காளைக்கு எந்தப் பசு, எந்தக் குறை எந்த வழியில் இறங்கும் என்று முப்பது வருஷமாகப் பண்ணை பண்ணையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவள் அவள். ஒரு பெண்ணுக்கு இந்தக் குறை வரவேண்டுமானால் அம்மா பக்கமிருந்தும் வரவேண்டும், அப்பா பக்கமிருந்தும் வரவேண்டும். அம்மா தனக்கே தெரியாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். அப்பாவால் அப்படி முடியாது. அவருக்கு இருந்தால் வெளியே தெரிந்தே தீரும்.

அப்பாவுக்கு இல்லை. ரயில் கம்பெனியே முப்பத்தெட்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு கால் மாற்றி நின்றது. ரெனே ஊசியைப் போட்டு முடித்து, கையை உருவி, நீளக் கையுறையைக் கழற்றினாள்.

"தாத்தாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல, சாயங்காலம் போய்ச் சொல்லலாம்னு..."

"சொல்லாதே. இந்த வருஷம் ஆளெடுக்கலையாம்னு சொல்லிடு."

"ஏம்மா? அவருக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். ரயில் பக்கமே போகாதே, போகாதேன்னு நாலு வருஷமா என் உசிர வாங்கினாரே!"

"சொல்லாதேன்னா சொல்லாதேடா!"

இப்படிக் கத்துகிற அம்மாவை அவன் பார்த்ததில்லை. சரி சரி என்று போனை வைத்துவிட்டான்.

ரெனேவை எங்கள் நார்டால் பக்கம் தெரியாத மாடு கிடையாது. ஆற்றங்கரையிலிருந்து மேட்டுப் பண்ணைகள் வரை அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே நாய்கள் வாலாட்டும். அந்தக் காலத்தில் சினை ஊசி போட ஒரு பெண் வந்து நின்றதும் பண்ணைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. அவள் கை போட்டால் சினை பிடிக்கும். நிறம் தெரியாத குறை அந்த வேலைக்கு இடைஞ்சலே இல்லை. காளை விந்து அடைத்த குச்சிகளில் நிறம் இருந்தாலும் அவள் எழுத்தைத்தான் படிப்பாள். மற்றது எல்லாம் விரல் நுனியில். "உள்ள போன கைக்குக் கண்ணு எதுக்கு?" என்று அவள் அப்பா ஓர்லின் பாக்கன் கேலி செய்வார்.

நிறக் குறை அந்த வீட்டில் ஒரு சங்கதியே இல்லை. சிலருக்குப் பாட்டு வராது, ரெனேவுக்கு நிறம் வராது, அவ்வளவுதான். அவளைக் காரோட்டப் பழக்கியபோது ஓர்லின் ஒரு மாதம் தினமும் சிக்னல் முன்னால் நிறுத்திப் பாடம் எடுத்தார். "நிறத்தைப் பார்க்காதே கண்ணு, இடத்தைப் பாரு. மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ." கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. ரயில் நீண்ட தூரம் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்டவாளத்தில் ஹார்னை ஒரு தடவை கூடுதலாக அடிப்பார். அது கம்பெனி விதிக்கு விரோதம். மகளுக்காக அடித்தார்.

மற்றபடி அவர் கெட்ட பிடிவாதக்காரர், அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ரயில்வேக்காரர்களின் வருடாந்தரப் பரிசோதனைக்கு டாக்டர் பக்கத்து ஊரிலேயே இருந்தார், பதினைந்து நிமிஷ வழி. ஊரே அவரிடம்தான் போகும். ஓர்லின் மட்டும் தொண்ணூறு மைல் தள்ளி ஆற்றுக்குத் தெற்கே இன்னொரு டாக்டரிடம் போவார், பனியிலும் போவார். அவர் மனைவி ஆர்டிஸ், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள், வருஷா வருஷம் கேட்பாள்: "அங்க நர்ஸ் யாராவது லட்சணமா இருக்காளா?" ஓர்லின் சொல்வார்: "நம்ம ஊர் டாக்டருக்குக் கை சில்லுன்னு இருக்கும்டி." அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் ஆர்டிஸ் இறந்துபோனாள். அதனால்தான் ரெனேவின் பாடு திண்டாட்டமாயிற்று. கேட்க வேண்டியவளைக் கேட்க முடியாது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரெனே அலமாரியிலிருந்து பழைய சர்ச் ஆல்பங்களை எல்லாம் இறக்கினாள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை சபையிலுள்ள எல்லாக் குடும்பத்தையும் படமெடுத்துப் புத்தகமாகப் போடுவது எங்கள் வழக்கம். எழுபதாம் வருஷத்துப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆணின் காதையும் மூக்கையும் பார்க்கத் தொடங்கினாள். அவள் கணவன் டேல், பால் டேங்கர் ஓட்டுகிறவன், விடிகாலை மூன்று மணிக்கு எழுகிறவன். தூங்கப் போகுமுன் வந்து எட்டிப் பார்த்தான்.

"யாரைத் தேடுற?"

"எங்கப்பாவை."

விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான்.

"ஆர்டிஸ் அத்தையா? இருக்கவே இருக்காது."

"எனக்கு மட்டும் ஆசையா? கணக்கு அப்படித்தான் வருது. விதை விக்கிறவன் ஒருத்தன் வந்துக்கிட்டிருப்பான். ஆர்கன் ரிப்பேர் பண்ண வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரு ஆளு வருவான். இல்லேன்னா இந்த பாஸ்டர் லின்ட்கிரென். இங்க பாரு, இந்தக் காது."

"பாஸ்டரா? யம்மா தாயே! அந்த ஆளு தன் ஷூ லேஸைக் கட்டணும்னாலே ஒரு கமிட்டி போட்டு ஓட்டெடுப்பு நடத்துவாரு. அவராவது, இதாவது!"

ரெனே சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். "எனக்கு யார் அப்பன்னு தெரியாததுகூடப் பரவாயில்ல டேல். அப்பாவுக்கு இது தெரிஞ்சா? எண்பத்திநாலு வயசு. அம்மாவைப் பத்தி, என்னைப் பத்தி... அவர் செத்தே போயிடுவாரு. நிறத்துக் கணக்கு ரயில்வேக்காரனுக்குத் தெரியாதா என்ன? கோல்ட்டன் எதுல பெயிலானான்னு யாராவது அவர் காதுல போட்டா போதும், கணக்கு போட்டுருவாரு."

டேல் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அவன் தூங்கவே இல்லை. மறுநாள் பால் வண்டி ஒரு பண்ணையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததாகக் கேள்வி.

இந்தக் காலத்தில் எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் ஏழு தலைமுறை வந்து நிற்கும். ரெனேயும் துப்பி அனுப்பினாள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்பா பெயர் வரவில்லை. ஒன்பது பேர் வந்தார்கள். அண்ணன் தங்கை என்று கம்ப்யூட்டர் சொன்ன ஒன்பது பேர்: ஐயோவாவில் மூன்று, மினசோட்டாவில் நான்கு, மற்றவர்கள் எங்கெங்கோ. எல்லோரும் அறுபத்தொன்பதுக்கும் எழுபத்தாறுக்கும் இடையில் பிறந்தவர்கள். விதை வியாபாரி இவ்வளவு சுற்றியிருக்க முடியாது என்று டேல் சொன்னான்.

அவர்களில் லுவான் என்பவள் மறுநாளே கூப்பிட்டாள். ஐயோவாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். முன்பின் தெரியாதவள் போலவே பேசவில்லை.

"வா வா, பத்தாவது ஆளு நீ! கேக் வாங்கணும் போல. மொதல்ல ஒண்ணு கேக்கிறேன், உங்கம்மா யாருகூடவோ போயிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கியா?"

ரெனே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"நானும் நெனச்சேன். ஒரு வருஷம் அம்மா கல்லறைப் பக்கம் போகல, பாவி நான். அதெல்லாம் ஒண்ணுமில்ல. உங்க வீட்ல ரொம்ப நாள் புள்ள இல்லையா?"

"ஒன்பது வருஷம்."

"அதான். மினியாபொலிஸ்ல ஒரு டாக்டர் இருந்தார். குழந்தை இல்லேன்னு போறவங்களுக்கு, படிக்கிற பசங்க யார்கிட்டயோ விந்து வாங்கி ஊசி போட்டு விட்டிருக்கார். அப்பல்லாம் இப்போ மாதிரி உறைய வச்சு நம்பர் போட்டெல்லாம் இல்ல. யாரு என்னன்னு ஒரு சீட்டும் கிடையாது. நம்ம பத்து பேருக்கும் ஒரே புண்ணியவான். யாருன்னு இன்னும் தெரியல, தேடிக்கிட்டுதான் இருக்கோம்."

"எங்கப்பாவுக்கு இது..."

"அங்கதான் விஷயம். அந்த டாக்டர் புருஷனோடதையும் கூடக் கலந்து போடுவாராம். 'யாரோடதுன்னு எனக்கே தெரியாது, உங்களோடதாவே இருக்கலாம், வீட்டுக்குப் போய் யார்கிட்டயும் பேசாதீங்க'ன்னு சொல்லி அனுப்பிடுவாராம். எங்கப்பா சாகுற வரைக்கும் அந்த 'இருக்கலாம்'ங்கிற ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டிருந்தார். என் மூக்கு அவங்கம்மா மூக்குன்னு ஊரெல்லாம் சொல்லுவார். உங்கப்பா உயிரோட இருக்காரா?"

"இருக்கார்."

"அப்போ நீதான் யோசிச்சுக்கணும், தங்கச்சி."

போனை வைத்துவிட்டு ரெனே வண்டியை எடுத்துக்கொண்டு சர்ச் மேட்டுக்குப் போனாள். அம்மாவின் கல்லறைக் கல்லுக்கு முன்னால் நின்று, "மன்னிச்சுடும்மா, உன்னை என்னென்னவோ நெனச்சுட்டேன்," என்று சத்தமாகவே சொன்னாள். அருகில் புல்வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார். உங்களை இல்லை என்றாள்.

அம்மாவைப் பற்றிய பாரம் இறங்கியதும் கோபம் ஏறிற்று. யார்மேல் என்று தெரியாத கோபம். மறுநாள் ஒரு பண்ணையில் நைட்ரஜன் டப்பாவிலிருந்து குச்சியை எடுத்துப் படித்தபோது அப்படியே நின்றுவிட்டாள். காளையின் பெயர், அதன் அப்பன் பெயர், பிறந்த தேதி, பண்ணை, எல்லாம் ஒரு குச்சியில். அந்தக் காளையின் தாத்தாவின் போட்டோகூட அவள் வண்டியில் கிடக்கிற புத்தகத்தில் இருக்கிறது. "மாட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லையா?" என்று பண்ணைக்காரரிடம் கேட்டாள். அவர் பயந்துபோய்ப் போன மாதத்துப் பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கண்ணாடி பார்ப்பது தொல்லையாயிற்று. மளிகைக் கடையில் எழுபத்தைந்து வயதுக்காரர் யாரைப் பார்த்தாலும் காதைப் பார்த்தாள். பாக்கன் குடும்பத்துத் தாடை உனக்கு என்று சின்ன வயதிலிருந்து சொன்னவர்களை நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும்விடக் கொடுமை ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மதியம் அப்பா வீட்டில் சாப்பாடு. ஆர்டிஸ் போன பிறகு அவரே உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வேகவைத்து, எல்லாவற்றையும் ஒரே ருசியில் இறக்கிவைப்பார். ரெனே அவர் கையைப் பார்ப்பாள், தன் கையைப் பார்ப்பாள், தட்டைப் பார்ப்பாள். பொய் சொல்லத் தெரியாதவள் அவள். அதனால் போவதையே குறைத்துக்கொண்டாள். ஒரு வாரம் மாட்டுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் வண்டிக்குக் காய்ச்சல். அப்பாவை இழந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து, தானே அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரிந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஜூன் மாதம் மூன்றாம் சனிக்கிழமை சர்ச்சில் ஸ்ட்ராபெரி விருந்து. அவரவர் தோட்டத்துப் பழத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாக்கன் வீட்டுப் பாத்தி ஊரிலேயே பெரியது. அதைப் பறிப்பது எப்போதும் ரெனேயின் வேலை. அதற்குப் போகாமலிருக்க எந்த மாட்டுக் காய்ச்சலும் போதாது. காலை பத்து மணிக்கு வாளியோடு போய்ச் சேர்ந்தாள்.

ஓர்லின் பாத்தி ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் மடங்காததால் இப்போதெல்லாம் மேற்பார்வை மட்டும்தான்.

"வந்தியா? செத்துப்போயிட்டேனான்னு பார்க்க வந்தியோன்னு நெனச்சேன்."

"சும்மா இருப்பா. வேலை."

"வேலைதான். தெரியும்."

ரெனே மண்டியிட்டுப் பறிக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் இலைக்குள் சிவப்பைத் தேடுவார்கள். அவளுக்கு இலையும் பழமும் ஒரே மங்கல். இரண்டு விரலால் பழத்தின் கழுத்தைப் பிடித்து லேசாகத் திருகுவாள். வந்தால் பழம், வராவிட்டால் விட்டுவிடுவாள். வளர்ந்த பிறகு அவள் வாளியில் காய் விழுந்ததே இல்லை. ஊரில் அவளைப்போல வேகமாகப் பறிப்பவரும் கிடையாது.

"கோல்ட்டனைக் கண்ணு டெஸ்ட்லதானே தள்ளினாங்க?" என்றார் ஓர்லின்.

ரெனேயின் கை நின்றது. "ஆளெடுக்கலைன்னு..."

"அவன் சொன்னான். அவனுக்கும் உன்ன மாதிரிதான், பொய் சொன்னா காது மடல் துடிக்கும். நான் அந்தக் கம்பெனி ஆளுங்கிறத ரெண்டு பேரும் மறந்துட்டீங்களா? ஆளெடுக்குறாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"கண்ணு டெஸ்ட்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தெற்கேயிருந்து சரக்கு ரயில் வந்துவிட்டது. தண்டவாளம் முப்பது அடியில் இருக்கிறது. ரயில் போகும்போது பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. ஓர்லின் எஞ்சினில் இருந்தவர்களுக்கு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள். ரெனே மண்டியிட்டபடியே அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நிமிஷம். அவள் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ரயிலைப் பார்த்ததில்லை என்று பிற்பாடு டேலிடம் சொன்னாள்.

கடைசிப் பெட்டி போனதும் அவர் சாவகாசமாகச் சொன்னார்: "அவன் பெயிலாவான்னு எனக்கு அவன் பொறக்கும்போதே தெரியும். அதான் ரயில் பக்கம் போகாதேன்னு தலையா அடிச்சுக்கிட்டேன். நீங்கெல்லாம் கெழவனுக்குப் புத்தி பெசகிடுச்சுன்னீங்க."

"அப்பா..."

"இரு. சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் எனக்குத் தைரியம் வராது. உனக்கு அப்போ ஏழு வயசு. இதே பாத்தி. ஒரு வாளி நெறையப் பறிச்சுட்டு வந்து நின்னே, அவ்வளவு பெருமை மூஞ்சியில. பார்த்தா பாதி காய். உங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன். அன்னிக்கு மத்தியானம் எனக்கு மெடிக்கல். நம்ம பக்கத்து ஊர் டாக்டர்கிட்ட இதை ஒரு வேடிக்கையாச் சொன்னேன். அவன் சிரிக்கல. என் கண்ணைத் திரும்பப் பார்த்தான். அந்தப் புள்ளி புள்ளிப் படத்தை மூணு தடவை காட்டினான். மூணு தடவையும் நான் சரியாப் படிச்சேன். அப்புறம் கதவைச் சாத்திட்டு வந்து கணக்கைச் சொன்னான். அவளுக்குப் பசங்க பொறந்தா அத்தனை பேருக்கும் இது இருக்கும்னும் சொன்னான்."

ரெனே மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் தெரியும்ப்பா. ஏப்ரல்லருந்து தெரியும். மினியாபொலிஸ் டாக்டர், எல்லாம். உன்கிட்ட சொல்லிடக் கூடாதுன்னுதான் நான் வராம இருந்தேன்."

"அப்படியா?" என்றார் ஓர்லின். எங்கள் பக்கத்து நார்வேக்காரக் கிழவர்கள் பெருமூச்சுக்குப் பதில் சொல்லும் வார்த்தையைச் சொன்னார். "ஊஃப்டா! நீ வராததப் பார்த்து, தெரிஞ்சுடுச்சு, இனிமே வர மாட்டேன்னு நெனச்சேன்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நாப்பத்தஞ்சு வருஷமா நான் பயந்தது அந்த ஒண்ணுக்குத்தான் கண்ணு. மாட்டுக் கணக்கெல்லாம் போடுறவளாச்சே, என்னிக்காவது ஒரு நாள் இதையும் போட்டுருவேன்னு."

"அம்மாவுக்கு?"

"சொல்லல. மினியாபொலிஸ் டாக்டர் எங்களுக்கு ஒரு 'இருக்கலாம்' குடுத்து அனுப்பிச்சிருந்தார். எனக்குச் சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து எல்லாம் போச்சு. அதனால எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. ஆனா உங்கம்மா அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. உன் தாடையப் பார்த்தா, உன் பிடிவாதத்தப் பார்த்தா, 'பாரு, பாக்கன் பாரு'ம்பா. அவ கையிலருந்து அதைப் புடுங்க எனக்கு மனசு வரல. அவ போற வரைக்கும் அவகிட்டயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ரெனே அழுதாள். மூக்கைக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் பழச்சாறு.

"கணக்குச் சொன்ன டாக்டர் கிட்டருந்து வந்து என்ன பண்ணினே?" என்றாள்.

"என்ன பண்றது? நீ இன்னும் அந்தக் காய் வாளிய வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தே. அம்மா சிரிச்சுட்டாளாம். வா கண்ணு, நிறத்தை விடு, கழுத்தைப் புடிச்சுத் திருகுன்னு சொல்லிக் குடுத்தேன். இருட்டற வரைக்கும் பறிச்சோம். உனக்கு ஞாபகமில்லையா?"

அவளுக்கு ஞாபகமிருந்தது. அப்பாவின் ரயில்வே தொப்பியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு இதே பாத்தியில் அவரோடு மண்டியிட்டது. விரலைப் பிடித்து விரலால் காட்டியது. அவள் வாழ்நாளெல்லாம் கையால் பார்க்கப் பழகியது அன்றைக்குத்தான். அது எப்பேர்ப்பட்ட நாள் என்று ஐம்பத்திரண்டு வயதில் இப்போதுதான் தெரிகிறது.

ஓர்லின் குனிந்து, எட்டிய வரைக்கும் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். ரெனேவுக்கு ஒன்று கேட்டே ஆக வேண்டியிருந்தது. அதைக் கேட்காமல் அவளால் வீட்டுக்குப் போக முடியாது.

"அந்த டாக்டர் வெறும் கணக்கு மட்டும்தான் சொன்னாராப்பா? வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னான். 'பாக்கன், அப்போ அது உன் பொண்ணு இல்லையே'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. தொப்பிய எடுத்துப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். அடுத்த வருஷத்திலருந்து வேற டாக்டர் பார்த்துக்கிட்டேன்."

ரெனே அவரையே பார்த்தாள். ரிட்டயர் ஆகிற வரைக்கும் இருபத்தொரு வருஷம். பனியில், புயலில், அம்மாவின் கேலியைக் கேட்டுக்கொண்டு போனது.

"அந்தத் தொண்ணூறு மைலும் அதுக்குத்தானா?"

"பின்ன?" என்றார் ஓர்லின், இன்றைக்கும் கோபம் ஆறாதவராக. "என் பொண்ணைப் பத்தி அப்படிப் பேசினவன் வாசல்படிய நான் எதுக்கு மிதிக்கணும்?"